எண்பத்தெட்டில் நான் இல்லை

கள்ளக்குறிச்சி,
3-8-2025, ஞாயிறு.

அன்புள்ள மணிமொழிக்கு,

நான் கடைசியாகக் கையால் எழுதிய கடிதம், லைசென்ஸ் தொலைந்துபோனதற்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதியது. அதனால் இதிலும் 'மேற்படி பொருளைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தருமாறு வேண்டுகிறேன்' என்ற வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

நீ போனை எடுப்பதில்லை. சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதட்டும், கடிதத்தில்தான் உங்க அப்பாவால் குறுக்கே பேச முடியாது என்று ஷாலினியிடம் சொல்லியிருக்கிறாய். நம் மகள் அதைச் சென்னையிலிருந்து எனக்கு ஒப்பித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் போனை வைத்துவிட்டாள். வளர்த்த லட்சணம்.

இதில் ஆடி மாதம் வேறு. துருகம் சாலையில் தலைகாட்ட முடியவில்லை. டீக்கடையில் நேற்று ஒருத்தன் கேட்கிறான்: "இன்னா மாஸ்டரு, அம்பத்தாறு வயசுல ஆடிக்குப் பிரிச்சி வச்சிட்டாங்களாமே? மாமியா வூட்லேர்ந்து சீரு வந்துச்சா?" புது மாப்பிள்ளையைத்தான் ஆடிக்குப் பிரித்து வைப்பார்கள். நான் மீசைக்கு மை அடிக்கும் மாப்பிள்ளை. என் ஆடிக் கதையை அவன் கடைக்காரரிடமும் சொன்னான். அவர் எனக்கு இலவசமாக ஒரு வடை கொடுத்தார். இரக்கத்தில் வந்த வடை தொண்டையில் இறங்கவே மாட்டேன் என்கிறது. தின்றுவிட்டேன், அது வேறு விஷயம்.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் என் பக்கத்தை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். வடக்கனந்தலில் பச்சமுத்து அண்ணன் பேத்திக்குக் காது குத்து. பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். அண்ணன் மகன் வெற்றிவேல்தான் ஆரம்பித்தான்: "டைம் மிசினு ஒன்னு வந்து நின்னா எந்த வருஷத்துக்குப் போவீங்க சித்தப்பா? காரையும் பாட்டையும் வச்சித்தான் சொல்லணும்." அவனே முந்திக்கொண்டு 2005 என்றான். அவன் முதல் கார் வாங்கிய வருஷம், ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டாம். அண்ணன் விடுவாரா? "அறுவத்தி ரெண்டுடா! கப்பலு மாதிரி காரு, பின்னால ரெண்டு றெக்க. கிராமபோனு. ஊருக்கே ஒன்னுதான், அதுவும் என் வூட்லதான்" என்றார். அறுபத்திரண்டில் அவர் பிறக்கவே இல்லை. அதை யாரும் கேட்கவில்லை.

நான் எண்பத்தெட்டு என்றேன். ஏன் என்று விளக்கினேன். வெள்ளை அம்பாசிடர். டேஷ்போர்டில் டேப். துருகம் சாலை ரெக்கார்டிங் கடையில் பாட்டு லிஸ்ட் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்து வாங்கும் கேசட். இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு எப்போதும் பாதியில் அறுந்துபோகும். இன்றைக்கும் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டால், அந்த இடத்தில் என் காது நின்றுவிடும் என்றேன். பந்தியே வாயைப் பிளந்தது. அப்போதுதான் ஒருத்தன் கேட்டான், "அப்ப அண்ணி?" என்று. "கல்யாணம் தொண்ணூத்தெட்டுலதான்டா. எம்பத்தெட்டோட விசேஷமே அதான்!" என்றேன்.

அண்ணனுக்குச் சிரிப்பில் மூக்கு வழியாக ரசம் வந்தது. நீ ரச வாளியோடு என் பின்னால் நின்றிருக்கிறாய். என் இலையில் ஊற்றாமல் நேராக அடுத்த இலைக்குப் போய்விட்டாய். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கூட்டு தீர்ந்துவிட்டதே என்ற கவலையில் கவனிக்கவில்லை.

அப்புறம் மாறுதல் கலந்தாய்வு. உன் முன்னால் எலவனாசூர்கோட்டையும் இருந்தது, வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளியும் இருந்தது. சமவெளியை விட்டுவிட்டு மலையைக் கைகாட்டினாய். எனக்கு அது உன் பெட்டி வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

சரி, வழி கண்டுபிடித்துவிட்டேன். வடக்கனந்தல் பள்ளியில் சாலம்மாள் என்று உன்னைப் போலவே ஒரு தலைமையாசிரியை. சொந்த ஊர் வெள்ளிமலை. இடத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்கிறாள். மனமொத்த மாறுதல் படிவம் இத்துடன் இருக்கிறது. அவள் கையெழுத்து போட்டுவிட்டாள். நீயும் போட்டால், இருபத்தொன்பதாம் தேதிக்குள் அலுவலகத்தில் சேர்த்துவிடலாம். தபாலை நம்பவில்லை, மலைக்கு ஜீப் ஓட்டும் ராஜதுரையிடம் கொடுத்தனுப்புகிறேன். என்னிடம் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றவன், ஜீப்பையும் கடிதத்தையும் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பான்.

கையெழுத்து போடு தாயே. வீடு வீடாக இல்லை.

தீனா

---

வெள்ளிமலை,
7-8-2025.

தீனா டிரைவிங் ஸ்கூல் உரிமையாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குக் கிடைப்பதற்கு முன் பதினாறு பேருக்குக் கிடைத்துவிட்டது.

உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறீர்கள். வெந்த சோறாக இருந்தால் ஒட்டியிருக்கும். அரை வேக்காடு, கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் காய்ந்து உதிர்ந்துவிட்டது. குக்கருக்கு நான்கு விசில் என்று ஃபிரிட்ஜ் மேல் எழுதி ஒட்டிவிட்டுத்தான் வந்தேன்.

ஜீப் குலுங்கியதில் காகிதங்கள் மடியில் விழுந்திருக்கின்றன. யார் மடியில் என்றால் பூமாலை மடியில். எங்கள் பள்ளியில் சமைப்பவள், எழுத்துக் கூட்டி நன்றாகப் படிப்பாள். முதல் வரியில் போலீஸ் ஸ்டேஷன் என்று பார்த்ததும் டீச்சருக்கு ஏதோ கேஸ் என்று பயந்து, என்ன ஏது என்று தெரிந்துகொள்ள மொத்தத்தையும் சத்தமாகப் படித்திருக்கிறாள். சாயங்காலம் நான் ஜீப்பில் ஏறியபோது எல்லோரும் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். இரக்கத்தில் வந்த சீட். உங்கள் வடைக்கும் அதற்கும் சரியாகப் போயிற்று.

வழி முழுக்க ஜீப்பில் ஒரே பேச்சு. ராஜதுரை, "மாஸ்டரு சொல்றதுல தப்பில்ல டீச்சர். அந்தக் காலத்து இஞ்சின் இருக்கே..." என்று ஆரம்பித்தான். பின்னால் சாமை மூட்டை மேல் உட்கார்ந்திருந்த செல்லன் அவனைப் பேசவிடவில்லை.

"எம்பத்தெட்டுல இங்க இன்னாடா காரு? எங்கம்மாவுக்குப் பேறுகாலத்துல முடியலன்னு தொட்டில்ல கட்டி நாலு பேரு தூக்கிக்கினு எறங்குனோம். எனக்குப் பதினாலு வயசு, முன்னால தோள் குடுத்தவன் நானு. பாட்டு கேட்டியா? ஒரு பாட்டும் கேக்கல."

"பொழச்சாங்களா?" என்று கேட்டேன். "பொழச்சிக்கிச்சி. இன்னிக்கும் என்னியத் திட்டிக்கினுதான் கெடக்குது" என்றான். அப்புறம்தான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பூமாலையைக் கேட்டோம். "எனக்குப் போன வருஷமே போதும். மிக்சி வந்த வருஷம்" என்றாள். காரும் பாட்டும் வைத்துச் சொல்லணும் என்று ராஜதுரை மடக்கினான். "அது போடுற சத்தம் பாட்டில்லாம இன்னாவாம்?" என்றாள்.

கடைசியில் என் பக்கம் திரும்பி, "டீச்சர், நீங்க எந்த வருஷம்?" என்றார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அன்று பந்தியில் வெற்றிவேல் ஆண்கள் வரிசையில் மட்டும்தான் கேட்டான். பரிமாறுகிறவர்களுக்கு டைம் மிஷினில் சீட்டு கிடையாது போலிருக்கிறது.

நீங்கள் சொன்னது வேடிக்கைக்கு என்று எனக்குத் தெரியும். வேடிக்கையில்தான் நீங்கள் உண்மை பேசுவீர்கள் என்பதும் தெரியும்.

படிவம் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்து போடவில்லை.

இப்படிக்கு,
மு. மணிமொழி, தலைமையாசிரியை

---

கள்ளக்குறிச்சி,
11-8-2025.

அன்புள்ள தலைமையாசிரியைக்கு,

இந்த முறை பசை வாங்கி ஒட்டியிருக்கிறேன். முதல் உறை மேஜையோடு ஒட்டிக்கொண்டது. இது இரண்டாவது. தபாலிலேயே அனுப்புகிறேன். பூமாலைக்கு என் வணக்கத்தைச் சொல். எழுத்துப் பிழை ஏதும் இருந்ததா என்று கேட்டுச் சொல்லவும்.

செல்லன் சொன்னதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எண்பத்தெட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. டிரைவிங் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் கொண்டுவந்தார்கள். மலையில் அப்போது சாலை இல்லை என்பது என் தலையில் ஏறவே இல்லை. நான் போக நினைத்த வருஷம் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தோடு முடிந்துவிடுகிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் ஒன்று. வேடிக்கையில்தான் நான் உண்மை பேசுவேன் என்று எழுதியிருக்கிறாயே, அது அநியாயம். வேடிக்கையில் நான் பேசுவதில் முக்கால்வாசி பொய். அதை வைத்துத்தான் இந்த ஊரில் எனக்கு மரியாதை.

வீட்டு நிலவரம்: துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். எதிர்வீட்டு அம்மா தினம் சாயங்காலம் வாசலில் நின்று, "வரலியா?" என்று கேட்கிறார்கள். யார் என்று சொல்வதில்லை. "வரல" என்கிறேன். "சாப்டியா?" என்கிறார்கள். "ஆச்சு" என்கிறேன். உள்ளே போய் அரை வேக்காட்டைச் சாப்பிடுகிறேன். நான்கு விசிலில் ஒரு தகராறு இருக்கிறது: மூன்றாவது விசிலில் யாராவது போன் செய்தால் எண்ணிக்கை போய்விடுகிறது. நீதான் போன் செய்கிறாயோ என்று ஓடுகிறேன், அதனால்தான்.

சனிக்கிழமையோடு ஆடி தீர்கிறது. ஆடி முடிந்தால் பெண்ணை அனுப்பி வைக்க வேண்டும், அதுதான் முறை. ஆகையால் வரும் பதினேழாம் தேதி, ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு, முறைப்படி மாப்பிள்ளை காரில் வருகிறார். நம் அம்பாசிடரை மூன்று நாளாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியில் முகம் பார்க்கலாம், என் முகம் என்பதால் நான் பார்ப்பதில்லை. மலைப்பாதைக்கு என்று தனியாகக் கேசட் எடுத்து வைத்திருக்கிறேன். எந்த வளைவில் எந்தப் பாட்டு வரும் என்பதுவரை கணக்குப் போட்டாயிற்று.

படிவத்தில் கையெழுத்து போட்டு, பெட்டியைக் கட்டி வை.

தீனா

---

வெள்ளிமலை,
18-8-2025.

என்னங்க,

நேற்று சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு. கோழி பூமாலை கொடுத்தது. பதினொரு மணி என்று எழுதியிருந்தீர்கள். பத்தரைக்கே புடவை மாற்றிவிட்டேன். இதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன்.

இரண்டு மணிக்கு ராஜதுரை வந்தான். "டீச்சர், மாஸ்டர் வண்டி ஏழாவது வளைவுல பொகைஞ்சிக்கினு நிக்குது. ரேடியேட்டர்ல சொட்டுத் தண்ணி இல்ல. ஜீப்புல ஏறுங்க மாஸ்டர்னேன், கேக்கல. மரவள்ளி லாரிக்காரன் கயிறு கட்டிக் கீழ இழுத்துக்கினு போறான். அவரும் உள்ள குந்திக்கினு போறாரு. பாட்டு மட்டும் நிக்கல டீச்சர், அது பாட்டுக்கு ஓடிக்கினே போவுது."

தண்ணீர் பார்க்காமல் சாவியைத் தொடாதே என்று மூவாயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஜீப்பில் ஏறியிருந்தால் இருபது நிமிஷத்தில் இங்கே வந்திருக்கலாம். காரைத் தனியாக அனுப்ப உங்களுக்கு மனம் வரவில்லை. என்னைத் தனியாக உட்கார வைக்க வந்தது.

குழம்பை நானும் பூமாலையும் ராஜதுரையும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

ராத்திரி முழுக்க யோசித்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன், நன்றாகத் தூங்கினேன். காலையில் தலை சீவும்போதுதான் புரிந்தது. என் வருத்தம் அந்தப் பந்திப் பேச்சு இல்லை. அதற்கு முன்னாலேயே இருக்கிறது.

உங்கள் காரில் பாட்டு ஓடும்போது எனக்கும் பாட வரும். வாய்க்குள் முணுமுணுப்பேன். உடனே உங்கள் கை குமிழுக்குப் போகும், சத்தம் கூடும். நான் நிறுத்திவிடுவேன். முதலில் பழைய டிரைவிங் ஸ்கூல் வண்டியில், அப்புறம் இந்த அம்பாசிடரில். எலவனாசூர்கோட்டைக்குப் போகும்போது, ஆஸ்பத்திரியிலிருந்து ஷாலினியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதுகூட. நீங்கள் வேண்டுமென்று செய்வதில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருப்பேன். உங்களுக்குத் தெரியவே தெரியாது என்பதுதான். ஒரு ஆள் பக்கத்தில் பாடுவது தெரியாமலே இருபத்தேழு வருஷம் ஒருவர் கார் ஓட்டியிருக்கிறார்.

இங்கே ஜீப் நிற்கும் இடத்திலிருந்து பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒரு நாள், என்னை அறியாமல் பாடிக்கொண்டே நடந்திருக்கிறேன். முன்னால் போன பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தினேன். "பாடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்கு நடந்தார்கள்.

ஜீப்பில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரியும். எனக்கு இந்த வருஷம். நான் மலைக்கு வந்த ஜூலை பதினாறிலிருந்து. கார், ராஜதுரை ஜீப்பின் முன்சீட். பாட்டு, என்னுடையது. இந்த வருஷத்தில் நீங்கள் இல்லை. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

சாலம்மாளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் காத்திருக்க வேண்டாம்.

மணிமொழி

---

கள்ளக்குறிச்சி,
22-8-2025.

மணி,

உன் கடிதத்தை அம்பாசிடரில் உட்கார்ந்து படித்தேன். வண்டி ஷெட்டில் நிற்கிறது, இஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். நீ உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். மெக்கானிக் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, வண்டி போன துக்கம் என்று நினைத்து டீ வாங்கி வைத்துவிட்டுப் போனான்.

"இந்த வருஷத்தில் நீங்கள் இல்லை." அதைப் படித்ததும் நெஞ்சில் ஒரு இடத்தில் சுருக்கென்றது. அதே இடத்தில்தான் அன்று உனக்கும் சுருக்கென்றிருக்கும். பந்தியே சிரித்தது வேறு. இங்கே சிரிக்க யாருமில்லை, எனக்கு அந்த மட்டுக்குக் கம்மி.

ஜீப்பில் ஏறாததற்குக் காரணம் கார் இல்லை. வெட்கம். ராஜதுரைக்கு முதல் நாள் முதல் பாடமே தண்ணீர் பார்ப்பதுதான். அவன் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்ல மூடினான். திட்டியிருந்தால் ஏறியிருப்பேன். "பரவால்ல மாஸ்டர்" என்றான். அந்தப் 'பரவால்ல'வுக்குப் பிறகு அவன் வண்டியில் உன் வாசலில் வந்து இறங்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஷாலினியிடமும் இல்லை.

எண்பத்தெட்டில் எனக்கு அம்பாசிடர் இல்லை, கேசட் இல்லை, அதைப் போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றும் இல்லை. அப்பா கரும்பு வெட்டப் போவார் என்பது உனக்குத் தெரியும். நான் ஒரு டாக்டர் வீட்டில் காலையில் கார் துடைத்தேன். அதுதான் அந்த வெள்ளை அம்பாசிடர். பிச்சைமுத்து என்று ஒரு டிரைவர். நான் துடைக்கும்போது அவர் டேப்பைப் போடுவார். எனக்காக இல்லை, அவருக்காக. நான் கதவைத் திறந்து உள்பக்கம் துடைக்கக் குனிந்தால் பாட்டு நன்றாகக் கேட்கும். அதனால் உள்பக்கத்தையே துடைத்துக்கொண்டிருப்பேன். அவருக்குத் தெரிந்துவிடும். "வேல செய்ய வந்தியா பாட்டு கேக்க வந்தியா?" என்று பட்டென்று நிறுத்துவார். கேசட்டில் கடைசிப் பாட்டு அறுந்துபோகும் என்று ஊரெல்லாம் கதை சொன்னேனே, கேசட் அதை அறுக்கவில்லை. அவர் கைதான் அறுத்தது. எந்தப் பாட்டையும் கடைசிவரை கேட்டதே இல்லை.

நீ எண்பத்தெட்டில் இல்லை என்று வருத்தப்பட்டாய். நானும் அதில் இல்லை, மணி. ஈரத் துணியோடு வெளியே நின்றுகொண்டிருந்தேன். பந்தியில் சொன்னது டாக்டருடைய எண்பத்தெட்டு.

குமிழுக்குக் கை போவது எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்துப் பார்த்தால், பாட்டுக்கு நடுவில் வேறு சத்தம் கேட்டால் போதும், இதோ நிறுத்தப்போகிறார்கள் என்று கை தானாகக் கூட்டிவிடுகிறது. இது சாக்கு இல்லை. பிச்சைமுத்து செய்ததை நான் உனக்குச் செய்திருக்கிறேன். அவராவது மூன்று மாதம்தான் செய்தார்.

நேற்றிலிருந்து ஒன்றை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். நீ முணுமுணுத்தது என்ன பாட்டு? இருபத்தேழு வருஷத்தில் ஒன்றே ஒன்றாவது வேண்டுமே. ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றின் மேலும் சத்தத்தைப் போட்டு மூடியிருக்கிறேன்.

படிவத்தைப் பற்றி இனி கேட்கமாட்டேன். இருபத்தொன்பது வரட்டும், போகட்டும். உன் வருஷத்தை நீ வைத்துக்கொள். ஒன்றே ஒன்று மட்டும், அந்தப் பாட்டின் ஒரு வரியை எழுதி அனுப்புவாயா? எது என்று தெரிந்துகொள்ளத்தான். காரில் போடமாட்டேன். கார் ஓடவும் ஓடாது.

தீனா

---

வெள்ளிமலை,
27-8-2025, பிள்ளையார் சதுர்த்தி.

என்னங்க,

இன்று விடுமுறை. சாலம்மாள் சொந்த ஊருக்கு வந்தவள், கொழுக்கட்டையோடு என்னைப் பார்க்க வந்தாள். அவளை நான் கேட்கவே இல்லை. அவளாகவே சொல்லிவிட்டாள்: "அக்கா, எனக்கு மலைக்கு வர்றதுல அவ்ளோ ஆச ஒன்னும் இல்லக்கா. புள்ளைங்க கீழ படிக்குது. சார்தான் தெனமும் ஸ்கூல் வாசல்ல வந்து நின்னுக்கினு, கையெழுத்து போட்டா கார் ஓட்டக் கத்துத் தர்றேன்னாரு. அதுக்குத்தான் சரின்னேன்."

அரசு ஆசிரியைக்கு லஞ்சம்! எதிர்வீட்டு அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? கையெழுத்து போடாமல் படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றிச் சாலம்மாளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். முதல் பாடத்தை நீங்களும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கலந்தாய்வுவரை இங்கேதான் இருப்பேன். அதற்கப்புறம் என்ன என்பதை அப்போது பார்க்கலாம். ஒரு தனி அறை, காலையில் நடப்பது, முன்சீட் எல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது. நான் இங்கே வந்ததில் உங்கள் மேல் இருந்த கோபம் பாதி, எனக்கே எனக்கு என்று இருந்த ஆசை பாதி. கோபம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆசை போகவில்லை. இரண்டையும் நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிச்சைமுத்து கதையைப் படித்துவிட்டுக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பூமாலை கேட்டதற்குக்கூடக் காட்டவில்லை. "வூட்டுக்காரரு இன்னா எழுதிக்கிறாரு டீச்சர்?" என்றாள். "வண்டி ரிப்பேராம்" என்றேன். உங்களோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன். அந்த ஈரத் துணியோடு நின்ற ஆளை நான் பார்த்ததே இல்லை. நீங்கள் அவரை எனக்குக் காட்டவில்லை, டாக்டரைத்தான் காட்டினீர்கள். எனக்கு டாக்டரைவிட அவரைப் பிடித்திருக்கும்.

பாட்டின் வரியை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அதில் ஒரு சங்கடம். எனக்கு எந்தப் பாட்டின் வரியும் முழுசாகத் தெரியாது. இரண்டு வார்த்தை வரும், மீதியை 'ன்னன்னா' போட்டு ஓட்டிவிடுவேன். அதைவிடப் பெரிய சங்கடம், எனக்குச் சுருதி சேராது. சின்ன வயதிலிருந்தே தெரியும், பள்ளியில் இறைவணக்கத்துக்கு என்னைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். போன வாரம் பூமாலை சொன்னாள்: "கோச்சிக்காதீங்க டீச்சர், நீங்க பாடனா எங்க வூட்டு ஆடு எழுந்து நிக்குது." பிள்ளைகள் "பாடுங்க டீச்சர்" என்று சொன்னதுகூட, தலைமையாசிரியையிடம் வேறு என்னதான் சொல்வார்கள்? நீங்கள் அத்தனை வருஷமும் குமிழைத் திருப்பியதில் உங்கள் காதுக்கும் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கிறது. இதை இப்போது மட்டும்தான் ஒப்புக்கொள்வேன், ஊரில் யாரிடமாவது சொன்னால் மறுத்துவிடுவேன்.

அதனால் எழுதி அனுப்ப ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறி வாருங்கள். என்னைப் பெட்டி கட்டச் சொல்லாமல், உங்களுக்கு இரண்டு சட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கிக்கொள்ளலாம். சாயங்காலம் அந்த ஒரு கிலோமீட்டர் நடப்போம். நான் பாடுவேன். நன்றாக இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மணி